மூன்று வயதுச் சுபாவம் முப்பதில் என்னவாகிறது?

குடும்பத்தில் யாராவது நல்ல வேலையைத் திடீரென்று உதறிவிட்டு வந்தாலும் சரி, ஊர் மெச்சும்படி எதையாவது சாதித்தாலும் சரி, எங்கள் பெரியம்மா ஒன்றுதான் சொல்வார்: “எனக்கு அப்பவே தெரியும். மூணு வயசுலயே இவன் இப்படித்தான்.” அவருடைய கணிப்பு இதுவரை ஒருமுறைகூடத் தப்பியதில்லை. தப்பவும் வழியில்லை. முடிவு தெரிந்த பிறகுதான் அவர் கணிப்பைச் சொல்வார்.

அதற்காக அவர் சொல்வதைப் பொய் என்று தள்ளிவிடவும் மனம் வரவில்லை. இரண்டு பிள்ளை பெற்ற யாரைக் கேட்டாலும், இரண்டும் கைக்குழந்தையாக இருந்தபோதே வேறு வேறு மாதிரி என்பார்கள். தடுப்பூசி போடும் நாளில் ஆரம்ப சுகாதார நிலையத்து வரிசையைக் கொஞ்ச நேரம் கவனித்தால் போதும். ஒரு குழந்தை செவிலியரைக் கண்டதுமே வீறிடும். இன்னொன்று ஊசி ஏறிய பிறகு ஒரு நொடி யோசித்து அழுது, அம்மா தோளில் போட்டுத் தட்டியதும் அடங்கிவிடும். மூன்றாவது, அழுகிற அழுகைக்கு நடுவிலேயே மேசைமேல் இருக்கும் பேனாவைப் பிடுங்கப் பார்க்கும். அதே ஊசி, ஏறத்தாழ அதே வலி. பதில்தான் வேறு. ஒரு குழந்தை எதற்கும் எவ்வளவு சீக்கிரமாக, எவ்வளவு பலமாக எதிர்வினை காட்டுகிறது, அப்புறம் தன்னை எப்படிச் சமாளித்துக்கொள்கிறது என்பதைத்தான் உளவியலாளர்கள் சுபாவம் என்கிறார்கள். ஆளுமை என்பது அதற்குப் பிற்பாடு வருவது. சுபாவத்தின் மேல் பழக்கம், நம்பிக்கை, பட்டறிவு, தன்னைப் பற்றிய எண்ணம் எல்லாம் ஏறி உட்கார்ந்த பிறகு கிடைக்கும் முழு ஆள் அது. சுபாவத்தில் ஆளுக்கு ஆள் காணும் வேறுபாட்டில் மரபணுவுக்குக் கணிசமான பங்கு இருப்பதாக இரட்டையர்களை வைத்துச் செய்த ஆய்வுகள் காட்டுகின்றன. கணிசமான பங்குதான், முழுப் பங்கு இல்லை.

சரி, இந்தச் சுபாவம் இருபது, முப்பது வயதில் என்ன ஆகிறது? பெரியம்மாவின் முறையில் இதற்கு விடை கிடைக்காது. வளர்ந்தவரைப் பார்த்துவிட்டுப் பின்னோக்கி யோசித்தால், நினைவு முடிவுக்கு ஏற்றபடி வளைந்துகொடுக்கும். குடிகாரன் என்று ஆகிவிட்டவனின் குழந்தைப் பருவத்தில் எல்லாருக்கும் பிடிவாதம் மட்டும்தான் ஞாபகம் வரும். அதே பிடிவாதத்தோடு வளர்ந்து பேராசிரியர் ஆனவனுக்கு அதன் பெயர் விடாமுயற்சி. ஆகவே, மூன்று வயதில் பார்த்ததை அப்போதே எழுதிப் பூட்டி வைத்துவிட்டு, அப்புறம் இருபது முப்பது வருஷம் காத்திருக்க வேண்டும். அப்படிக் காத்திருந்தவர்கள் இருக்கிறார்கள்.

நியூசிலாந்தின் தென் தீவில் டுனெடின் என்று ஒரு நகரம். அங்கே குயின் மேரி மகப்பேறு மருத்துவமனையில் 1972 ஏப்ரல் முதல் 1973 மார்ச் வரை பிறந்த குழந்தைகளில் 1,037 பேரை, அவர்களுக்கு மூன்று வயதானபோது, ஃபில் சில்வா என்பவர் ஓர் ஆய்வில் சேர்த்தார். அதிலிருந்து பதினைந்து வயதுவரை இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை அவர்களைக் கூப்பிட்டுப் பார்த்தார்கள். பிறகு 18, 21, 26, 32, 38, 45 என்று போகிறது. வெளிநாட்டுக்குக் குடிபோனவர்களைக்கூட ஆய்வுக்குழு தன் செலவில் விமானத்தில் வரவழைக்கிறது. 45 வயதுச் சுற்றில், உயிரோடிருந்த 997 பேரில் 938 பேர் வந்தார்கள். நீண்ட கால ஆய்வுகளில் ஆட்கள் கழன்றுகொள்வதுதான் பெரிய தலைவலி. அதிலும் வாழ்க்கையில் அடிபட்டவர்கள்தான் முதலில் காணாமல் போவார்கள். அவர்களை விட்டுவிட்டுக் கணக்குப் போட்டால் எல்லாரும் சௌக்கியம் என்றுதான் வரும். நூற்றுக்கு 94 பேர் திரும்பி வந்ததை அதனால்தான் நான் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன்.

மூன்று வயதில் நடந்தது ஒரு எளிய காரியம். ஒவ்வொரு குழந்தையையும் சுமார் 90 நிமிடம் ஓர் அறையில் உட்காரவைத்து, பேச்சு, கை கால் அசைவு, புத்திக்கூர்மை ஆகியவற்றைச் சோதித்தார்கள். சோதித்தவருக்கு அந்தக் குழந்தையைப் பற்றி முன்பின் எதுவும் தெரியாது. சோதனை முடிந்ததும் குழந்தை நடந்துகொண்ட விதத்துக்கு 22 அம்சங்களில் குறி போட்டார். அமைதியில்லாமல் நெளிந்ததா, சட்டென்று மனநிலை மாறியதா, பயந்ததா, புதியவரோடு பேசியதா, கொடுத்த வேலையில் நிலைத்து நின்றதா என்பது போல.

பிற்பாடு அவ்ஷலோம் காஸ்பியும் சில்வாவும் இந்தக் குறிப்புகளைக் கணக்கிட்டுப் பார்த்தபோது குழந்தைகள் ஐந்து கூட்டமாகப் பிரிந்தார்கள். சுமார் 40 சதவீதம் பேர், சூழலுக்கு ஏற்றபடி நடந்துகொண்ட சாதாரணக் குழந்தைகள். 28 சதவீதம் பேர் துணிச்சல்காரர்கள். புதிய இடத்தில் ஒட்டிக்கொள்ள அவர்களுக்கு நேரமே தேவைப்படவில்லை. 15 சதவீதம் பேர் கொஞ்சம் ஒதுங்கியே இருந்தார்கள், ஆனால் அந்தத் தயக்கம் அவர்கள் வேலையைக் கெடுக்கவில்லை. மிச்சம் இரண்டு சிறிய கூட்டங்கள், இந்தக் கதையில் அதிகம் பேசப்படுபவை. சுமார் 10 சதவீதம் பேர் கட்டுக்கு அடங்காதவர்கள்: படபடப்பு, சட்டென்று எரிச்சல், எதிலும் நிலைக்காத கவனம். சுமார் 8 சதவீதம் பேர் ஒடுங்கிப்போனவர்கள்: பயம், பேசாமை, புதியவரைக் கண்டாலே கலக்கம்.

கட்டுக்கு அடங்காதவர் என்றால் நம் வீட்டில் சொல்லும் ‘வாலு’ என்று நினைத்துவிட வேண்டாம். வாலுப் பிள்ளைகளில் பலர் டுனெடின் கணக்கில் துணிச்சல்காரர் பக்கம் போய்ச் சேர்ந்திருப்பார்கள் என்பது என் ஊகம். துறுதுறுப்பு வேறு, தன்னைத் தானே பிடித்து நிறுத்த முடியாமல் எரிச்சலில் திணறுவது வேறு.

இப்போது பூட்டி வைத்ததைத் திறக்கலாம். 21 வயதில் அவர்களைப் பேட்டி கண்டவர்களுக்கு மூன்று வயதுக் குறிப்பு தெரியாது. அப்படியிருந்தும் கட்டுக்கு அடங்காத கூட்டத்தில் வளர்ந்தவர்களிடம், சமூக விரோத ஆளுமைக் கோளாறு என்று மனநல மருத்துவம் பெயரிடும் நிலை, சாதாரணக் கூட்டத்தைக் காட்டிலும் ஏறத்தாழ மூன்று மடங்கு இருந்தது. போலீஸ், நீதிமன்றம் என்று போனவர்களும் அதிகம். வேலையிடத்திலும் வீட்டிலும் காதலிலும் சண்டை சச்சரவு கூடுதல். 32 வயதில் சூதாட்டத்தைக் கைவிட முடியாமல் தவித்தவர்களைக் கணக்கெடுத்தபோதும் இந்தக் கூட்டத்தின் பங்கு இருமடங்குக்கு மேல். ஒடுங்கிப்போன கூட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு மனச்சோர்வு இருமடங்குக்குச் சற்று மேல். தாங்கிப்பிடிக்க ஆள் என்று சொல்லிக்கொள்ளக்கூடிய உறவு வட்டம் சிறியது. ஆனால் வேலையிலும் காதல் உறவிலும் அவர்கள் மற்றவர்களைப் போலத்தான் இருந்தார்கள். எனக்கு இது வியப்பாக இருந்தது. கூச்சப்படும் பிள்ளையைப் பற்றி நாம் அதிகம் கவலைப்படுவது வேலைக்கும் கல்யாணத்துக்கும்தான். அது இரண்டிலும் பெரிய குறையில்லை; குறை இருந்தது, கஷ்டகாலத்தில் பக்கத்தில் வந்து உட்காரும் மனிதர்களின் எண்ணிக்கையில்.

26 வயதில் இன்னும் ஒரு படி போனார்கள். அவர்களை நன்றாகத் தெரிந்த நண்பர், துணைவர் போன்றவர்களிடம் அவர்களைப் பற்றி எழுதிக் கேட்டார்கள். மூன்று வயதில் துணிச்சலாக இருந்தவர்கள் கலகலப்பானவர்களாகத் தெரிந்தார்கள். ஒடுங்கியிருந்தவர்கள் அடக்கமானவர்கள், முன்னுக்கு வந்து பேசாதவர்கள். கட்டுக்கு அடங்காதவர்கள் சட்டென்று கொதிப்பவர்கள், உலகமே தனக்கு எதிராக இருப்பதாக நினைப்பவர்கள். சாதாரணக் குழந்தைகள் சாதாரணப் பெரியவர்களானார்கள். ஒன்றரை மணி நேரம் பார்த்த ஓர் அந்நியர் போட்ட குறி, 23 வருஷம் கழித்து இன்னொருவர் எழுதும் குறிப்போடு ஒத்துப்போகிறது என்றால் நம்பச் சிரமம்தான். முதல் தடவை இதைப் படித்தபோது எங்கள் பெரியம்மாவிடம் மனதுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன்.

மன்னிப்பை அடுத்த பக்கத்திலேயே பாதி திரும்பப் பெற்றேன். ‘இருமடங்கு’ என்ற சொல் ஏமாற்றக்கூடியது. ஒரு கற்பனைக் கணக்கு போட்டுப் பாருங்கள். சாதாரணமாக நூற்றில் பத்துப் பேருக்கு வரும் ஒரு நோய், ஒரு குறிப்பிட்ட கூட்டத்தில் இருமடங்கு என்றால் நூற்றில் இருபது பேர். மீதி எண்பது பேருக்கு அது வரவே இல்லை. மூன்று வயதில் ஒடுங்கியிருந்த குழந்தைகளைக் கூட்டமாக நிறுத்தினால், அதில் மனச்சோர்வு கூடுதலாக இருக்கும் என்று தைரியமாகச் சொல்லலாம். அதிலிருந்து ஒரு குழந்தையைக் கையைப் பிடித்துத் தனியே நிறுத்தி, இவளுக்கு வருமா வராதா என்று கேட்டால் எந்த ஆய்வாளரும் வாயைத் திறக்க மாட்டார். பெரியம்மா அங்கேதான் வாயைத் திறக்கிறார். இன்னொன்று, டுனெடின் ஆய்வில் இருப்பவர்கள் பெரும்பாலும் ஐரோப்பிய வம்சாவளியினர், ஒரே நகரத்துக்காரர்கள். அங்கே வந்த எண்ணிக்கையை அப்படியே தூக்கி வேறு ஊருக்கு வைக்கக் கூடாது.

அப்படியென்றால் அந்த ஒற்றுமை எப்படித்தான் வருகிறது? மூன்று வயதுக்கும் முப்பது வயதுக்கும் நடுவே நேராக ஒரு கம்பி ஓடுகிறதா? ‘தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும்’ என்பவர்கள் அப்படித்தான் நினைக்கிறார்கள். நடுவில் நடப்பதைப் பார்த்தால் கதை வேறு.

கலிபோர்னியாவின் பெர்க்லியில் 1928, 1929 ஆண்டுகளில் பிறந்த குழந்தைகளை நடுவயதுவரை தொடர்ந்த ஒரு பழைய ஆய்வு உண்டு. அதன் ஏடுகளை 1980களில் காஸ்பி, கிளென் எல்டர், டேரில் பெம் மூவரும் எடுத்துப் பிரித்தார்கள். எட்டு முதல் பத்து வயதில் அடிக்கடி கோபத்தில் கத்திக் கைகால் உதைத்து ஆர்ப்பாட்டம் செய்த பையன்கள் என்ன ஆனார்கள் என்று பார்த்தார்கள். நாற்பது வயதுக்குள் அவர்களில் 46 சதவீதம் பேர் விவாகரத்து ஆனவர்கள். மற்ற ஆண்களில் 22 சதவீதம். நடுத்தரக் குடும்பத்தில் பிறந்த கோபக்காரப் பையன்கள், நடுவயதில் தொழிலாளர் குடும்பத்தில் பிறந்தவர்களின் நிலைக்கு இறங்கியிருந்தார்கள். அது எப்படி என்று பின்தொடர்ந்தால், கோபம் நேராகப் போய் வேலையைப் பறிக்கவில்லை. கோபத்தால் பள்ளியில் தகராறு. தகராறால் படிப்பு சீக்கிரம் நின்றது. படிப்பு நின்றதால் கிடைத்தது, மேலே ஒருவர் நின்று அதட்டும் வேலை. அதட்டும் இடத்தில் கோபக்காரன் எத்தனை நாள் தாக்குப்பிடிப்பான்? ஒவ்வொரு படியும் அடுத்த படியைத் தயார் செய்தது. எல்லாப் படியிலும் அவனுக்கு எதிரே இன்னொரு ஆள் இருந்தார். ஆசிரியர், மேற்பார்வையாளர், மனைவி. அவர்கள் கொடுத்த பதிலும் சேர்ந்துதான் அவன் வாழ்க்கையானது.

இந்த எதிராளியின் பங்கு எவ்வளவு பெரியது என்பதைக் கூச்ச சுபாவத்தின் கதையில் இன்னும் தெளிவாகப் பார்க்கலாம். அதே பெர்க்லி ஏடுகளில், கூச்சப்பட்ட பையன்கள் மற்றவர்களைவிடச் சுமார் மூன்று வருஷம் தாமதமாகக் கல்யாணம் செய்துகொண்டார்கள், நான்கு வருஷம் தாமதமாக அப்பா ஆனார்கள், நிலையான வேலையில் அமரவும் மூன்று வருஷம் தாமதம். பெண்களுக்கு எந்தத் தாமதமும் இல்லை. காரணம் எளிது. அந்தக் கால அமெரிக்காவில் பெண்ணிடம் பேசி, மணக்கச் சம்மதம் கேட்க வேண்டியது ஆணின் பொறுப்பு. வேலை தேடி முன்னே போய் நிற்க வேண்டியதும் அவன்தான். கூச்சம் அவனுக்குத்தான் தடை. கூச்சப்பட்ட பெண்ணை அந்தச் சமூகம் ‘அடக்கமான பெண்’ என்று ஏற்றுக்கொண்டது. அவர்களில் பலர் வேலைக்கே போகவில்லை. கணவர்களோ மற்ற பெண்களின் கணவர்களைவிட உயர்ந்த வேலையில் இருந்தார்கள். அந்தப் பெண்களுக்கு வேறு என்ன ஆசை இருந்தது என்று அந்த ஏட்டில் எழுதியிருக்காது என்பதையும் சேர்த்துத்தான் இதைப் படிக்க வேண்டும்.

பின்னர் இதே கேள்வியை ஸ்வீடனில், 1950களில் பிறந்தவர்களிடம் மார்கரெட் கெர், வில்லியம் லாம்பர்ட், பெம் மூவரும் கேட்டார்கள். கூச்சப்பட்ட ஆண்கள் அங்கும் தாமதமாகவே கல்யாணம் செய்தார்கள். ஆனால் வேலையில் பின்தங்கவில்லை. ஸ்வீடனில் அதிகம் பேசாமல் அடக்கமாக இருப்பது மதிக்கப்படும் குணம். தன்னைத் தானே தம்பட்டம் அடிக்காமலே அங்கே பிழைக்க முடிந்தது. பெண்கள் பக்கம் கதை திரும்பிவிட்டது: கூச்சப்பட்ட பெண்கள் குறைவாகப் படித்தார்கள்.

சீனாவில் நடந்தது இன்னும் விசித்திரம். ஷின்யின் சென் குழுவினர் ஷாங்காய்ப் பள்ளிப் பிள்ளைகளை 1990, 1998, 2002 என்று மூன்று முறை ஆராய்ந்தார்கள். 1990இல் கூச்சப்பட்ட பிள்ளைகளை வகுப்பில் எல்லாருக்கும் பிடித்திருந்தது. வகுப்புத் தலைவர்களாக வந்தார்கள், நன்றாகப் படித்தார்கள். 2002இல் அதே மாதிரிப் பிள்ளைகளைச் சக மாணவர்கள் ஒதுக்கினார்கள், அவர்களிடம் மனச்சோர்வு தெரிந்தது. நடுவில் பன்னிரண்டு வருஷம். சீனக் குழந்தைகளின் மரபணு அதற்குள் மாறியிருக்காது. சந்தை மாறியிருந்தது. போட்டி போட்டு முன்னால் வருபவனுக்கே இடம் என்று நகரம் மாறியிருந்தது.

உடம்புக்குள் ஒன்றுமே இல்லை, எல்லாம் சமூகம்தான் என்று இதற்குப் பொருளா? இல்லை. ஹார்வர்டில் ஜெரோம் கேகன் நான்கு மாதக் குழந்தைகளின் முன்னால் வண்ணத் தொங்குபொம்மைகளை ஆட்டினார், ஒலிநாடாவில் அந்நியர் குரலைப் போட்டுக் காட்டினார். சுமார் 20 சதவீதக் குழந்தைகள் கைகால்களை உதறி அழுதன. சுமார் 40 சதவீதம் அசையாமல் பார்த்துக்கொண்டிருந்தன. உதறிய குழந்தைகள்தான் பிற்பாடு புதிய ஆளுக்கும் புதிய பொருளுக்கும் அதிகம் பயந்தன. இரண்டாவது வயதில் பயந்த சுபாவம் என்றும் பயமற்ற சுபாவம் என்றும் குறிக்கப்பட்டவர்களில் 22 பேரை, வளர்ந்த பிறகு ஸ்கேன் கருவியில் படுக்கவைத்து அறிமுகமற்ற முகங்களைக் காட்டியபோது, பயந்த கூட்டத்தினரின் மூளையில் அமிக்டலா என்ற சிறு பகுதி கூடுதலாகக் கிளர்ந்தது. அபாயத்தை மோப்பம் பிடிக்கும் பகுதி அது. அதாவது, வெளியே சகஜமாகப் பேசக் கற்றுக்கொண்ட பிறகும் உள்ளே அந்தப் பழைய மணி அடித்துக்கொண்டுதான் இருக்கிறது. கேகன் பல வருஷம் பார்த்துவிட்டுச் சொன்ன ஒரு கருத்தை இந்தத் துறையில் ஆகப் பயனுள்ளது என்று நினைக்கிறேன்: சுபாவத்தை வைத்து ஒரு குழந்தை என்னவாக ஆகும் என்று சொல்வதைவிட, என்னவாக ஆகாது என்று சொல்வது எளிது. கைகால் உதறிய குழந்தைகளில் பலர் பயந்தாங்கொள்ளிகளாக வளரவில்லை. ஆனால் எதற்கும் அஞ்சாமல் துள்ளிக்குதிக்கும் ஆட்களாகவும் அநேகமாக யாரும் வளரவில்லை.

மேரிலாந்தில் நேதன் ஃபாக்ஸ் குழு 14 மாதத்தில் பார்த்த குழந்தைகளை 26 வயதுவரை தொடர்ந்து, 2020இல் முடிவை வெளியிட்டது. பயந்த குழந்தைகள் அடக்கமான பெரியவர்களானார்கள், காதல் உறவுகள் குறைவு. படிப்பிலும் வேலையிலும் வித்தியாசம் இல்லை. பதற்றம், மனச்சோர்வு கூடியிருந்தது எல்லாரிடமும் இல்லை; 15 வயதில், தான் செய்த தவறுக்கு மூளை அளவுக்கு மீறி அதிர்ந்தவர்களிடம் மட்டும்தான். இங்கேயும் கம்பி நேராக இல்லை.

இந்தத் துறையின் மூத்தவர்களான அலெக்சாண்டர் தாமஸ், ஸ்டெல்லா செஸ் தம்பதியைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் தப்பு. 1956இல் நியூயார்க்கில் சுமார் 130 குழந்தைகளை வைத்துத் தொடங்கினார்கள். அந்தக் காலத்தில் பிள்ளைக்கு எது நேர்ந்தாலும் அம்மாவின் வளர்ப்புதான் காரணம் என்று மருத்துவர்களே சொல்லிக்கொண்டிருந்தார்கள். இவர்கள் இருவரும் மனநல மருத்துவர்கள், பெற்றோர்களும்கூட. அந்தப் பேச்சு அவர்களுக்கு ஒத்துவரவில்லை. சுலபமான குழந்தை, சிரமமான குழந்தை, மெல்லப் பழகும் குழந்தை என்று அவர்கள் பிரித்தது இன்றுவரை குழந்தை வளர்ப்புப் பேச்சில் புழங்குகிறது. சுமார் 35 சதவீதக் குழந்தைகள் இந்த மூன்றில் எதிலும் அடங்கவில்லை என்பதை மட்டும் எல்லாரும் வசதியாக மறந்துவிடுகிறார்கள்.

அவர்களுடைய பெரிய பங்களிப்பு பிரித்ததில் இல்லை, ‘பொருத்தம்’ என்ற கருத்தில் இருக்கிறது. குழந்தையின் சுபாவமும் அதைச் சுற்றியுள்ளவர்களின் எதிர்பார்ப்பும் பொருந்தினால் வளர்ச்சி நன்றாக இருக்கும், பொருந்தாதபோதுதான் தொந்தரவு தொடங்கும் என்றார்கள். நாம் கல்யாணத்துக்குப் பத்துப் பொருத்தம் பார்க்கிறோம், பெற்ற பிள்ளைக்கும் நமக்கும் ஒரு பொருத்தமும் பார்ப்பதில்லை. அதே நியூயார்க்கில் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து வந்த உழைக்கும் குடும்பங்களையும் அவர்கள் ஆராய்ந்தார்கள். அந்த வீடுகளில் குழந்தை எப்போது தூங்கினாலும் யாரும் அலட்டிக்கொள்ளவில்லை. நேரங்கெட்ட தூக்கம் அங்கே ஒரு பிரச்சினையாகவே வரவில்லை, பள்ளிக்கூடம் சேரும் வரை. காலை மணி அடித்ததும் அதே பழக்கம் தொந்தரவாக மாறியது. மார்ட்டன் டிவ்ரீஸ் கிழக்கு ஆப்பிரிக்காவின் மசாய் மக்களிடம் 1970களின் வறட்சிக் காலத்தில் கண்டது இதைவிடக் கடுமையானது. அவர் குறித்து வைத்திருந்த, அடம்பிடித்து அழும் கைக்குழந்தைகளில் தேடிக் கண்டுபிடிக்க முடிந்தவை அநேகமாக உயிரோடிருந்தன. சமத்தான குழந்தைகளில் பெரும்பாலானவை இறந்திருந்தன. அழுத பிள்ளைக்குத்தானே பால். எண்ணிக்கை மிகச் சிறியது, இருபது குழந்தைகளில் தொடங்கிய கணக்கு. அதனால் இதைப் பெரிய சட்டமாக எடுத்துக்கொள்ளத் தேவையில்லை. ஆனால் ‘நல்ல சுபாவம்’ என்று நாம் சொல்வது யாருடைய வசதிக்காக என்று ஒருமுறை யோசிக்க வைக்கிறது.

திரும்பவும் டுனெடினுக்குப் போவோம். 2011இல் டெர்ரி மொஃபிட் தலைமையில் ஒரு கட்டுரை வந்தது. மூன்று முதல் பதினொரு வயதுவரை பெற்றோர், ஆசிரியர், ஆய்வாளர் எல்லாரும் கொடுத்த மதிப்பீட்டைச் சேர்த்து ஒவ்வொருவருக்கும் தன்னடக்கத்துக்கு ஒரு மதிப்பெண் போட்டார்கள். தன்னடக்கம் என்றால் இங்கே பணிவு இல்லை. ஆசையை, கோபத்தை, அவசரத்தைக் கொஞ்சம் பிடித்து நிறுத்தும் திறன். 32 வயதில், மதிப்பெண் மிகக் குறைந்த ஐந்தில் ஒரு பங்கினரில் 43 சதவீதம் பேர் ஏதோ ஒரு குற்றத்துக்குத் தண்டனை பெற்றிருந்தார்கள். மிக உயர்ந்த ஐந்தில் ஒரு பங்கினரில் 13 சதவீதம். பல உடல்நலக் கோளாறுகள் சேர்ந்திருந்தவர்கள் முதல் பங்கினரில் 27 சதவீதம், பின்னவரில் 11 சதவீதம். குடும்ப வசதியும் புத்திக்கூர்மையும் ஒரே அளவில் இருந்தவர்களை ஒப்பிட்டாலும் இந்த இடைவெளி மறையவில்லை. ஏணிப்படி போல ஒவ்வொரு படியிலும் வித்தியாசம் தெரிந்தது. நடுவில் இருப்பவர்கள்கூடக் கொஞ்சம் உயர்ந்தால் கொஞ்சம் லாபம்.

இதில் ‘கண்ணி’ என்று அவர்கள் பெயரிட்ட ஒரு விஷயம் உண்டு. பதினைந்து வயதுக்குள் புகைபிடிக்கத் தொடங்குவது, படிப்பைப் பாதியில் விடுவது, விடலைப் பருவத்திலேயே பிள்ளை பெறுவது. தன்னடக்கம் குறைந்த பிள்ளைகள் இந்தக் கண்ணிகளில் அதிகம் சிக்கினார்கள்; முப்பது வயதில் தெரிந்த கஷ்டத்தில் ஒரு பகுதி இந்தக் கண்ணிகள் வழியாக வந்தது. சிக்காமல் தப்பியவர்களின் நிலை அவ்வளவு மோசமில்லை. குழந்தைப் பருவத்துக்கும் இளமைக்கும் இடையில் தன்னடக்கம் கூடியவர்களும் இருந்தார்கள். பழைய மதிப்பெண்ணை வைத்துப் பார்த்ததைவிட அவர்கள் நன்றாகவே இருந்தார்கள். ‘ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா’ என்பார்கள். ஐம்பது கிடக்கட்டும், பதினைந்திலும் இருபதிலும் வளைந்தவர்கள் அந்தப் பட்டியலில் இருக்கிறார்கள்.

சுபாவத்தை மாற்றித்தான் ஆக வேண்டுமா என்ற கேள்விக்கு எனக்குப் பிடித்த பதில் சிட்னியிலிருந்து வருகிறது. மக்குவாரி பல்கலைக்கழகத்தில் ரொனால்ட் ரபீ குழு, அதிகம் கூச்சப்படும் பாலர்பள்ளி வயதுப் பிள்ளைகளின் பெற்றோரை மட்டும் அழைத்து ஆறே ஆறு வகுப்புகள் நடத்தியது. பிள்ளை தயங்கும்போதெல்லாம் முந்திக்கொண்டு காப்பாற்றாதீர்கள், அவனுக்குப் பதிலாக நீங்கள் பேசாதீர்கள், பயப்படும் காரியத்தைச் சின்னச் சின்னப் படியாகப் பழக்குங்கள் என்பதுதான் பாடம். 2005இல் முடிவு வந்தது. ஒரு வருஷம் கழித்துப் பார்த்தபோது, வகுப்புக்கு வந்த பெற்றோரின் பிள்ளைகளிடம் பதற்றக் கோளாறு மற்றவர்களைவிட அதிகம் குறைந்திருந்தது. கூச்சமோ குறிப்பிடும்படி மாறவில்லை. அந்தப் பிள்ளைகள் அப்போதும் அம்மாவின் முந்தானைக்குப் பின்னால் நின்றுதான் விருந்தாளியைப் பார்த்திருப்பார்கள். மாறியது, பின்னால் இருந்து எட்டிப் பார்க்கும் பிள்ளையிடம் பெரியவர்கள் நடந்துகொண்ட விதம். அதுவே நோயைத் தள்ளிப்போடப் போதுமாக இருந்தது. விருந்தாளி வந்ததும் பிள்ளையை முன்னால் தள்ளி “அங்கிளுக்கு ஒரு பாட்டுப் பாடு” என்று சொல்வது சின்னப் படியில் சேராது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

டுனெடின் ஆய்வில் இன்னொரு கிளையும் ஓடுகிறது. அந்த ஆயிரம் பேருக்குப் பிள்ளைகள் பிறந்து, பிள்ளைகளுக்கு மூன்று வயதாகும்போது, பெற்றோரும் பிள்ளையும் சேர்ந்து விளையாடுவதைக் காணொளியில் பதிவு செய்கிறார்கள். தான் சிறுவயதில் அன்பான சூழலில் வளர்ந்திருந்தால் தன் பிள்ளையிடமும் அதே கனிவைக் காட்டுகிறார்களா என்பது கேள்வி. 2005இல் வெளியான கணக்கில் அம்மாக்களிடம் அந்தத் தொடர்பு தெரிந்தது, அப்பாக்களிடம் தெரியவில்லை. ஒரு காலத்தில் தாங்களே மூன்று வயதில் அந்நியர் ஒருவர் முன்னால் உட்கார்ந்து நெளிந்தவர்கள், பயந்தவர்கள், பேனாவைப் பிடுங்கியவர்கள் இப்போது கேமரா முன்னால் பிள்ளையோடு உட்கார்ந்திருக்கிறார்கள். இந்த முறை குறிப்பெடுப்பது பிள்ளையைப் பற்றி மட்டும் இல்லை, எதிரே உட்கார்ந்திருக்கும் ஆளைப் பற்றியும்தான்.